தப்பு நோட்டு

ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், வீட்டு வரி ரசீது எல்லாம் வைத்திருக்கும் அலமாரித் தட்டில் நீளமான கணக்கு நோட்டு ஒன்றும் கிடக்கிறது. வீட்டுக்காரரின் மோட்டார் பட்டறைக்கு வரவு செலவு எழுத வாங்கியது. முதல் ஏழு பக்கம் அவர் கணக்கு. காப்பர் கம்பி இத்தனை கிலோ, வார்னிஷ் இத்தனை டின் என்று போகும். எட்டாம் பக்கத்திலிருந்து என் மகன் செய்த தப்புகள். இடது பக்கம் தேதி, வலது பக்கம் தப்பு. மார்க் கிடையாது, சிவப்பு மை கிடையாது. 2020 ஆகஸ்டில் தொடங்கி இன்றுவரை ஓடுகிறது.

மகனுக்கு இப்போது 11 வயது. பெயரை எழுதவில்லை, நாளைக்கு வளர்ந்து வந்து சண்டைக்கு நிற்பான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை பள்ளியில் இருக்க வேண்டிய ஐந்து வருடத்தையும் நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டிலும், பக்கத்துத் தெருவில் இருக்கும் அவன் அப்பாவின் பட்டறையிலும் கழித்தவன்.

இதைக் கொள்கை முடிவு என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 2020 மார்ச்சில் யுகேஜி பாதியில் நின்றது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு என் கைப்பேசிக்குள் வந்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டமாகப் பிள்ளைகள், "எல்லாரும் மியூட் பண்ணுங்க" என்று கத்தும் ஒரு டீச்சர், மேஜைக்கு அடியில் படுத்துத் தூங்கும் என் மகன். இதற்குக் கட்டணம் வேறு. இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டோம். 2021 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளைத் திறந்தார்கள். அதற்குள் எங்கள் வீட்டு ஓட்டம் வேறு மாதிரி ஆகியிருந்தது. இந்த வருடம் போகட்டும், அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே ஐந்து வருடம் போய்விட்டது. அவ்வளவுதான் கதை.

நான் வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவள். மாதத்தில் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ரிட்டர்ன் போடக் கடைசி நாள். 11-ம் தேதிக்கு முந்தைய இரண்டு நாளும், 20-ம் தேதிக்கு முந்தைய மூன்று நாளும் எங்கள் வீட்டில் பாடம் கிடையாது. மற்ற நாட்களில் காலையில் ஒன்றரை மணி நேரம் உட்காருவோம். மீதி நேரம் அவன் பாடு.

முதலில் எல்லாத் தாய்மாரையும் போல நானும் அவன் கற்றுக்கொண்டதைத்தான் எழுதி வைத்தேன். "உயிரெழுத்து முடிந்தது." "1 முதல் 100 வரை முடிந்தது." மூன்றாம் வாரம் கேட்டால் ஔ எழுத்தையும் காணோம், அறுபதுக்கு அப்புறம் எழுபதும் காணோம். முடிந்தது என்று எழுதியதெல்லாம் பொய்க் கணக்காகப் போயிற்று. கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு ஒன்று தெரியும்: ஒத்துப்போகிற பக்கத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது, உதைக்கிற பக்கத்தில்தான் விஷயம் இருக்கும். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தப்புகளை எழுத ஆரம்பித்தேன்.

முதல் பதிவு புள்ளி. "கல்" என்று சொன்னால் "கல" என்று எழுதுவான். "பால்" என்றால் "பால". சொன்னால் உடனே வைப்பான், அடுத்த வார்த்தையில் மறுபடி விடுவான். கொம்பு இதைவிட மோசம். "கேட்டான்" என்று எழுதச் சொன்னால் முதலில் க, அப்புறம் அதற்கு வலது பக்கம் கொம்பு. நான் பலமுறை கோடு போட்டு அடித்துத் திருத்திய பிறகு ஒருநாள் அழுதுகொண்டே கேட்டான்: "க்-னு தானம்மா மொதல்ல சத்தம் வருது. ஏ பெறகுதான வருது? அப்ப கொம்பு ஏன் முன்னாடி வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருடமாகத் தமிழ் எழுதுகிறேன், ஒருநாளும் எனக்கு இது உறைத்ததில்லை. காதில் பின்னால் கேட்பதைக் கையால் முன்னால் எழுதுகிறோம். "கொ" என்றால் இன்னும் அநியாயம், ஒரே சத்தத்துக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி. அவன் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அன்றைக்கு நோட்டில் தப்பை எழுதிவிட்டு அதற்குக் கீழே "காரணம் உண்டு" என்று எழுதினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தப்புக்கும் காரணம் தேடுவது எனக்கே ஒரு கிறுக்காகப் போயிற்று.

புள்ளிக்கும் காரணம் கிடைத்தது, அவனுக்குச் சாதகமாகவே. ஓலைச்சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இதை அவனிடம் சொன்னது என் முட்டாள்தனம். அடுத்த ஒரு மாதம் புள்ளி வைக்கச் சொன்னால், "நான் ஓலைல எழுதுறேன்" என்பான்.

எண்களுக்கு வருகிறேன், என் பிழைப்பு அதில்தான். முன்னூற்று ஐந்தை 3005 என்று எழுதினான். கேட்டபடியே முன்னூறு, பக்கத்தில் ஐந்து. இது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான் என்று பிறகு தெரிந்தது. தொள்ளாயிரத்தில் விழுந்த பள்ளம் மட்டும் நம் எண்ணுப் பெயர் தோண்டியது. தொள்ளாயிரம் எழுதச் சொன்னேன், 9000 என்று எழுதினான். சரி, ஒன்பதாயிரம் எழுது என்றேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்து அதையும் 9000 என்று எழுதினான். இரண்டையும் பார்த்தான். "ரெண்டும் எப்பிடி ஒண்ணாகும்?" என்று அவனே கேட்டான். ஆயிரம் என்று காதில் விழுகிறது, அவன் என்ன செய்வான்! பத்து பத்தாகப் போனாலும் எண்பதுவரை பத்து இருக்கிறது, தொண்ணூறில் திடீரென்று நூறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நூறு நூறாகப் போனால் எண்ணூறுவரை நூறு, அடுத்து தொள்ளாயிரத்தில் ஆயிரம். ஒன்பது மட்டும் எப்போதும் மேல்வீட்டுக்காரன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறது. தொல்காப்பியத்திலேயே இதற்குப் புணர்ச்சி விதி சொல்லியிருக்கிறார்கள் என்றால் அந்தக் காலத்துப் பிள்ளைகளையும் இது படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தப்பு சரியான நாளைவிட, "ரெண்டும் எப்பிடி ஒண்ணாகும்" என்று அவன் கேட்ட நாள்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தேதி இருக்கிறது, 2021 பிப்ரவரி 9. அதுவரை நான் காட்டினால்தான் அவனுக்குத் தப்பு தெரியும். அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தன் தாளில் ஏதோ உதைக்கிறது என்று தானே பார்த்தான்.

கழித்தலுக்கு வந்தோம். 52-லிருந்து 27 போனால் 35. இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டுவிடுவான். ஐந்திலிருந்து இரண்டு மூன்று. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்து வீட்டில் கடன் வாங்கு, பத்து தருவார்கள் என்றேன். "எப்பத் திருப்பிக் குடுக்கணும்?" என்றான். கொடுக்க வேண்டாம் என்றேன். "அது கடன் இல்ல, திருட்டு" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிவிட்டான்.

இதைத் தீர்த்தது பட்டறையின் கல்லாப்பெட்டி. ஒரு சாயங்காலம் அவன் அப்பா ஐந்து பத்து ரூபாய்த் தாளையும் இரண்டு ஒற்றை ரூபாயையும் அவன் கையில் கொடுத்து, டீக்கடையில் இருபத்தேழு ரூபாய் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். "ஏழு ரூபாய்க்குச் சில்லறை இல்லப்பா. ஒரு பத்த மாத்திக் குடு." ஒரு பத்து, பத்து ஒற்றையானது. கையில் நான்கு பத்தும் பன்னிரண்டு ஒற்றையும். இருபத்தேழைக் கொடுத்துவிட்டு மிச்சம் இருபத்தைந்தோடு வந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடன் வாங்குவது கிடையாது, சில்லறை மாற்றுவதுதான். பாடப்புத்தகங்களிலும் இப்படியே எழுதலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

அதே தப்பு ஒன்றரை வருடம் கழித்து வேறு வேஷத்தில் வந்தது. 503-லிருந்து 268 போனால் 335 என்றான். நடுவில் பூஜ்யம். மூன்றை 13 ஆக்கிவிட்டான், பூஜ்யத்தை 9 ஆக்கிவிட்டான், நூறு கொடுத்த ஐந்தை மட்டும் நான்காகக் குறைக்கவில்லை. சில்லறை வாங்கிக்கொண்டு தாளைக் கொடுக்காமல் வந்துவிட்டான் என்று சொன்னதும் சிரித்துக்கொண்டே தானே திருத்தினான். இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் அவன் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறான் என்று தெரிகிறது. இரண்டும் தப்புதான், இரண்டும் கழித்தல்தான். முதல் தப்பு செய்தவனுக்கு இரண்டாம் தப்பு செய்யத் தெரியாது. என்னைக் கேட்டால் பிள்ளை படிப்பில் முன்னேறுகிறதா என்று பார்க்க இது ஒன்று போதும்: போன வருடத்துத் தப்பையே இந்த வருடமும் செய்கிறதா, புதுத் தப்பு செய்கிறதா?

பின்னத்தில் நான் தோற்றேன், ஜெயித்தவர் என் மாமியார். கால் பெரியதா, எட்டில் ஒன்று பெரியதா என்று கேட்டால் எட்டில் ஒன்று என்பான். எட்டு நான்கைவிடப் பெரியதாம். தோசை வெட்டினேன், காகிதம் மடித்தேன். தோசையைப் பார்க்கும்போது சரியாகச் சொல்வான், தாளில் எண்ணைப் பார்த்தால் மறுபடி எட்டு பெரியது. திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்த அத்தை இதை நாலு நாள் கேட்டுவிட்டு, "எட்டுல ஒண்ணு எட்டுல ஒண்ணுன்னு என்னத்தா ஓதிக்கிட்டு இருக்க, அரைக்கால்னு சொல்லிக் குடு" என்றார்.

அரைக்கால். காலில் அரை. பெயரிலேயே கணக்கு இருக்கிறது, எந்தப் பிள்ளையும் காலில் அரை காலைவிடப் பெரியது என்று சொல்லாது. அத்தை அதோடு விடவில்லை. அரிசிப் பானைக்குள் கிடந்த ஆழாக்கையும் உழக்கையும் எடுத்து அவனைத் தரையில் உட்கார வைத்தார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆகவே உழக்கு கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி. கொஞ்ச நாள் கழித்துக் காலையும் அரைக்காலையும் கூட்டச் சொன்னேன். மேலே இருந்த ஒன்றையும் ஒன்றையும் கூட்டி 2, கீழே இருந்த நான்கையும் எட்டையும் கூட்டி 12, பன்னிரண்டில் இரண்டு என்று எழுதிக்கொண்டு அத்தையிடம் காட்டப் போனான். அத்தைக்கு அந்த எழுத்து புரியாது. "ஏய்யா, ஒரு ஒழக்கும் ஒரு ஆழாக்கும் கொட்டுனா எத்தன ஆழாக்கு?" என்று மட்டும் கேட்டார். மூணு என்றான். "படிக்கு எத்தன?" எட்டு. அப்படியே நின்றான். எட்டில் மூன்று.

முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒரு பங்கு, மா 20-ல் ஒரு பங்கு, மாகாணி 16-ல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் படித்த காலத்தில் இதில் ஒன்றையும் யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது தசமத்துக்கு வந்திருக்கிறான். போன மாதம் 0.25, 0.5-ஐவிடப் பெரியது என்று எழுதியிருக்கிறான், இருபத்தைந்து ஐந்தைவிடப் பெரியதாம். பழைய தப்பின் பேரன் பிறந்திருக்கிறான். அத்தையிடம் இதற்கு மருந்து இல்லை, நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெருக்கல் வகுத்தலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பட்டறையே சொல்லிக்கொடுத்துவிட்டது. கம்பிச் சுருள் (காயில்) கட்ட வரும் த்ரீ பேஸ் மோட்டாரில் சுருளை வைக்கும் பள்ளம், அதாவது ஸ்லாட், 24 இருந்தால் மூன்று பேஸில் ஒவ்வொன்றுக்கும் 8, 36 இருந்தால் 12. மூன்றாம் வாய்ப்பாடு அவனுக்கு அப்படித்தான் வந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு, ஆகா ஓகோ என்று நினைத்துவிடாதீர்கள். நோட்டில் வெட்கப்பட வேண்டிய பக்கங்களும் உண்டு.

ஏழு வயது முடிந்தும் அவன் தடுமாறாமல் நான்கு வரி வாசிக்க மாட்டான். பக்கத்து வீட்டுப் பெண் அவனைவிட ஆறு மாதம் சின்னவள், பேப்பரில் தலைப்பு வாசிப்பாள். 2021 ஆகஸ்டிலிருந்து டிசம்பர்வரை நோட்டில் ஒரே தப்பு திரும்பத் திரும்ப: ர, ற. மரம் மறம், கரி கறி, அரை அறை. பழமும் அப்படித்தான், ஒருநாள் பளம், ஒருநாள் பலம். மதுரைப் பக்கம் வாழைப்பழத்தை நாங்கள் எல்லாருமே வாளப்பளம் என்றுதான் சொல்கிறோம், ரவுக்கும் றவுக்கும் வாயில் வித்தியாசமே கிடையாது. காதை நம்பி எழுதுகிற பிள்ளைக்கு இங்கே காது உதவாது. நிறைய வாசித்துக் கண்ணில் படிய வேண்டும், அவனோ வாசிக்க மாட்டேன் என்கிறான். அந்த ஐந்து மாதம் எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. பள்ளிக்கு அனுப்பியிருந்தால் இந்நேரம் வந்திருக்குமோ என்று வீட்டுக்காரரிடம் தினமும் ஒரு சண்டை. அனுப்பியிருந்தால் வந்திருக்கலாம்தான். இன்றைக்கும் நான் அதை மறுக்க மாட்டேன்.

அந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து பக்கம். அய்யனார் கோயில், தாமரைக் குளம், அதற்கு மேலே படியேறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அவர்களுக்குக் கீழே வட்டெழுத்து. மகன் பாறையைத் தடவிக்கொண்டே நின்றான்.

"இது என்ன பாஷம்மா?"

"தமிழ்தான்டா. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி எழுதினது."

"அப்ப வாசி."

எனக்கு ஓர் எழுத்துகூட அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் குளத்தைப் பார்த்தார்.

"ஒனக்கும் வாசிக்கத் தெரியலயா?"

தெரியலடா என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இறங்கும்போது எதிரே ஏறி வந்த யாரோ இரண்டு பேரிடம், "எங்கம்மாவுக்கு மேல எழுதியிருக்கத வாசிக்கத் தெரியல" என்று வலியப் போய்ச் சொன்னான். தெருவில் எல்லார் வீட்டுக்கும் அன்று சாயங்காலத்துக்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கும் அவன் வாசிக்க ஆரம்பித்ததற்கும் சம்பந்தம் உண்டா என்றால் சத்தியம் செய்ய மாட்டேன். மார்ச்சில் பஸ் போர்டு, மே மாதத்தில் தினத்தந்தியில் கார்ட்டூன், ஆகஸ்டில் சின்னக் கதைப் புத்தகங்கள். எப்படி வந்தது என்று நோட்டில் தேடினேன். இல்லை. தப்பு எழுதி வைத்தவளிடம் அது மட்டும் இல்லை.

2023 ஜூலை 15-ல் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், மாதம் இரண்டு தடவை போகிறோம். சிறுவர் பகுதியில் அவனை விட்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவான். அந்த வருடமே மார்ச்சில் கீழடி அருங்காட்சியகமும் திறந்திருந்தது. பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று அவரவர் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இவங்க பேரத் தப்பா எழுதியிருந்தா இப்ப யாருக்குத் தெரியும்?" என்றான். நோட்டு அவன் தலைக்குள்ளும் ஏறிவிட்டது என்று அன்றைக்குப் பயந்தேன்.

திசை தெரியாமல் இருந்தான். வாசல் இருக்கும் பக்கம் கிழக்கு என்று ஒரு நினைப்பு. மதுரையில் இருந்துகொண்டு இதற்குக் கவலைப்படுவானேன், ஊரே ஒரு வரைபடம்தானே. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு. நாலு மாசி வீதியும் நடந்தோம், கால் வலிக்கு வழியில் ஜிகர்தண்டா. 1840-களில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடம்தான் வெளி வீதிகள் என்று அவன் அப்பா கதை சொல்லிக்கொண்டு வந்தார். அவன் கவனம் வேறு இடத்தில் இருந்தது. "சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதிலதான ஓடுது? சித்திரை வீதின்னு தனியா இருக்குல்ல. அது தப்பில்லையா?" மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றிவிட்டார், தெரு மட்டும் பழைய பெயரோடு நிற்கிறது என்று சொன்னோம். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான்.

வெளியாட்கள் பார்வையில் அவன் எங்கே நிற்கிறான்? கல்யாண மண்டபத்தில் யாராவது "எத்தனாவது படிக்கிற தம்பி?" என்றால் "எங்கம்மாட்ட படிக்கிறேன்" என்பான். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் பந்தியைப் பார்ப்பேன். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது, 6 முதல் 14 வயதுவரை. அந்தச் சட்டத்தின்படி எப்போது போய் நின்றாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்ஐஓஎஸ்) சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று படி வைத்திருக்கிறார்கள்: ஏ என்றால் மூன்றாம் வகுப்புக்குச் சமம், பி ஐந்தாம் வகுப்பு, சி எட்டாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்கு அங்கே 14 வயது ஆகியிருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் தைரியமாக இருந்தோம். இருந்தும் போன வருடம் ஒரு தனியார் பள்ளியில் விசாரிக்கப் போனபோது ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். திக்கினான். கையெழுத்தைப் பார்த்தார்கள். "மூணாங் கிளாஸ்ல வேணாப் போடலாம்" என்றார்கள். கணக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கோபமாக வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால் அவர்கள் பார்த்ததும் உண்மைதான். ஆங்கிலத்தில் அவன் பின்தங்கித்தான் இருக்கிறான், எனக்கே அதில் உரம் போதாது. பார்த்து எழுதினால் கை வலிக்கிறது என்பான், நேரம் குறித்துப் பரீட்சை எழுதியதே இல்லை. நாலு பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வேலையை முடிப்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது இதெல்லாம் சாயங்காலத் தெரு கிரிக்கெட்டில் வருகிற அளவுக்குத்தான். அரசுப் பள்ளிகளில் கொரோனாவுக்கு அப்புறம் 2022-ல் எண்ணும் எழுத்தும் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை வயதை விட்டுவிட்டு நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். என் மகன் கணக்கில் மலர், ஆங்கிலத்தில் அரும்பு. இதை அத்தையிடம் சொன்னேன். நாற்பது வருடமாக மல்லிகை கட்டுகிறவர். "மலந்த பூவ யாரு வாங்குவா? மொட்டுக்குத்தான் வெல" என்றார்.

ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போகிறேன் என்று அவனே சொல்லியிருக்கிறான். கிரிக்கெட் கூட்டாளிகள் இரண்டு பேர் அங்கே படிக்கிறார்கள், காரணம் அவ்வளவுதான். போய்வரட்டும். பிடிக்காவிட்டால் அப்போது பார்ப்போம்.

சேர்க்கைக்குச் சான்றிதழ்கள் எடுக்கப் போன வாரம் அந்தத் தட்டைக் குடைந்தேன், நோட்டும் கையில் வந்தது. புரட்டினால் என் கையெழுத்தில்லாத வரிகள். கொஞ்ச நாளாக அவனும் எழுதி வந்திருக்கிறான். "அம்மா: முயற்ச்சி. ற்-க்கு அப்புறம் ச் வராது." மளிகைக்காரருக்கு நான் அனுப்பிய செய்தியைப் பார்த்திருக்கிறான் போல. "அப்பா: பில்லில் 1,450 + 380 = 1,730." நூறு ரூபாய் போச்சு என்று அடைப்புக்குள் போட்டிருக்கிறான்.

நடுவில் ஒரு பழைய பக்கம், 2022 அக்டோபர். அப்போது அவன் புதிதாக வாசிக்க ஆரம்பித்திருந்தான், கண்ணில் படுவதையெல்லாம் திருத்திக்கொண்டு திரிந்தான். அத்தையின் பூக் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். அத்தை அறுபதுகளில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். 1978-ல் எம்ஜிஆர் ஆட்சியில், பெரியார் நூற்றாண்டை ஒட்டி, எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அவருக்குப் பள்ளிக்கூடமெல்லாம் முடிந்து கல்யாணமே ஆகிவிட்டது. ஆகவே இன்றும் லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மேலே சுழித்து நிற்கும் பழைய எழுத்துதான். அப்பத்தாவுக்கு எழுதத் தெரியவில்லை, நோட்டில் ஏற்று என்று ஒற்றைக் காலில் நின்றான். நானும் 20-ம் தேதி அவசரத்தில் விளக்கம் சொல்லப் பொறுமையில்லாமல், "அப்பத்தா: லை" என்று எழுதிவிட்டேன்.

அந்த வரியின் மேல் இப்போது பென்சிலால் ஒரு கோடு கிழித்திருக்கிறது. பக்கத்தில் அவனுடைய கோணல் கையெழுத்து: "தப்பு இல்லை. பழசு."